பி.பி.ஏ. சீட்டும் இரண்டு பூப்பொட்டலங்களும்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். “சார், இப்போ பேரண்ட்ஸ் கேக்குற கேள்விக்கெல்லாம் கம்ப்யூட்டரே பதில் சொல்ற மாதிரி ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. நீங்க இத்தனை வருஷம் எப்படிப் பேசிப் பிள்ளைங்களச் சேத்தீங்கன்னு எழுதிக் குடுத்தா அதுக்குச் சொல்லிக் குடுத்துடுவோம்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டிலேயே நான் பேசுவதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் கேட்கப் போகிறதாம்.

இருந்தாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்ப்பது மாதிரி ‘பத்து வழிகள்’ எல்லாம் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்வேன். கம்ப்யூட்டருக்குப் புரிந்தால் அதன் சமர்த்து.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம். சென்னை நகரத்துக்குள் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை மையம். பெயர் வேண்டாம், பென்ஷன் இல்லாவிட்டாலும் மரியாதை இருக்கிறது. மதுராந்தகம், அச்சரப்பாக்கம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தப் பட்டணத்தில், எந்தக் காலேஜில் சேருவது என்று விசாரிக்க வருவார்கள். நான் பார்த்தது பி.பி.ஏ. பிரிவு.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. என்ஜினீயரிங் பையன் கட்-ஆஃபோடு வருவான். அந்த மார்க்குக்கு எது கிடைக்குமோ அதுதான் அவன் தலையெழுத்து. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறவனுக்கும் அப்படித்தான். ஆனால் பி.பி.ஏ.வுக்கு வருகிற பிள்ளைக்கு சென்னையிலும் சீட்டு கிடைக்கும், பெங்களூரிலும் கிடைக்கும், கோயம்புத்தூரிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் எல்லாம் கிடைத்த வீட்டில்தான் சண்டை அதிகம்.

இந்த வேலைக்கு நான் வந்தது தற்செயல். அதற்கு முன் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தேன். அது கம்ப்யூட்டர் சென்டர் ஆனது, அப்புறம் செல்போன் ரிப்பேர் கடை ஆனது. எனக்கு செல்போனைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. நாற்பதைத் தாண்டிய வயதில் இங்கே வந்து சேர்ந்தேன். சென்னையில் ஒரு ஹோட்டலில், ஏசி ஹாலில், டை கட்டிய ஒருவர் ‘வாடிக்கையாளரின் தயக்கத்தை உடைப்பது எப்படி’ என்று பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியில் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது பதினோரு மணிக்குக் கொடுத்த கட்லெட் மட்டும்தான்.

உண்மையில் வேலை கற்றுக்கொண்டது எங்கள் மையத் தலைவி வைதேகி மேடத்திடம். பருத்திப் புடவை கட்டி, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ போட்டிருப்பார். குரல் மெல்லியது. கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும், அப்போது நாம்தான் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு தகப்பனாரிடம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பற்றி, “அது சரியில்ல சார், அங்கே ஒண்ணும் நடத்துறதே இல்ல” என்று அளந்துவிட்டேன். அவர்கள் படியிறங்கிப் போன பிறகு மேடம் என்னிடம் வந்தார்.

“கோபால் சார், நீங்க அந்த காலேஜுக்குப் போயிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்போ நாளைக்குப் போயிட்டு வாங்க. கேட்டுக்குள்ள போகாதீங்க. சாயங்காலம் கிளாஸ் விடுற நேரத்துக்கு எதிர்ல இருக்கிற பஸ் ஸ்டாப்ல நில்லுங்க. பிள்ளைங்க காலேஜைத் திட்டிக்கிட்டே வரும். திட்டாத பிள்ளை ஊர்ல கிடையாது. எதைத் திட்டுதுன்னு கேட்டுட்டு வாங்க. சாப்பாட்டைத் திட்டினா விட்டுடுங்க. வாத்தியார் வரலைன்னு திட்டினா கவனிங்க.”

அப்படித்தான் நான் ஊர் ஊராகப் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று பி.பி.ஏ. இருக்கிற இடமெல்லாம் போனேன். பெண் பார்க்கப் போகிறவன் சொல்லிவிட்டுப் போனால் பட்டுப்புடவையைத்தான் பார்ப்பான், சொல்லாமல் போனால்தான் வீடு தெரியும். போட்டியாளர் என்று நான் மட்டம் தட்டின அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சாம்பாரைத்தான் திட்டினார்கள். மறுநாள் மேடத்திடம் அதைச் சொன்னபோது, “அப்போ நல்ல காலேஜ்தான்” என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேடம் வைத்திருந்த முறைகளை இங்கே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்லப்போகிற விஷயத்துக்கு அது தேவை. எங்கள் அலுவலகத்தில் அதிகாரி ஒரு பக்கம், குடும்பம் மறுபக்கம் என்கிற மேஜை கிடையாது. ஒரு வட்ட மேஜை. பிள்ளையை ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். அப்பா ஒரு பக்கம், அம்மா மறு பக்கம். கேள்வி கேட்டால் பிள்ளையின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம். ஃபீஸ் பற்றிக் கேட்டால் அப்பா பக்கம் திரும்பும். ஹாஸ்டல் பற்றிக் கேட்டால் அம்மா பக்கம். எந்தப் பக்கமும் திரும்பாமல் ஜன்னலையே பார்த்தால், அந்தப் பிள்ளை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, சொல்லத்தான் தைரியம் இல்லை.

அடுத்தது செவ்வாய்க்கிழமைக் கேள்வி. “அந்தக் காலேஜ்ல சேர்ந்தாச்சுன்னு வெச்சுக்கோ. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன பண்ணுவேன்னு சொல்லு பார்ப்போம்” என்பார். இரண்டு காலேஜ் என்றால் இரண்டு செவ்வாய்க்கிழமை. பிளேஸ்மென்ட், ரேங்கிங் என்று அதுவரை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை இங்கேதான் திக்கும். திங்கட்கிழமை ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டேன். “திங்கட்கிழமை எல்லாரும் நல்ல பிள்ளையா இருப்பாங்க சார்” என்றார்.

கடைசியாக டீ. கீழே கடையிலிருந்து குடும்பத்துக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் எல்லோரும் பால்கனிக்குப் போய்விட வேண்டும். டம்ளர் காலியாகிற வரை உள்ளே வரக் கூடாது. முடிவு எடுக்கிற நேரம் அதுதான். “அந்த நேரத்துல உள்ளே போய்ப் பேசுறவங்க தரகர். நம்ம தரகர் இல்ல” என்பார். பால்கனியில் நின்று ஜி.எஸ்.டி. ரோடு பஸ்களை எண்ணிக்கொண்டிருப்போம். தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கல்பாக்கத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். சேலத்துக்காரர், டவுன்ஷிப்பில் வீடு. மகனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு லேப்டாப்போடு வந்து வட்ட மேஜையில் திறந்துவைத்தார். எங்கள் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், கோயம்புத்தூரில் ஒன்று மறுபக்கம். ஆசிரியர் தகுதி, விடுதி, வேலைவாய்ப்பு, குடிநீர், அந்த ஊர் வெயில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று இன்னொரு மதிப்பெண் போட்டுப் பெருக்கி வைத்திருந்தார். கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டாவது தசமத்தில் இருந்தது.

“வெயிட்டேஜ் மாத்திப் பார்த்தேன் சார், அப்பவும் இப்படித்தான் வருது” என்று பாவமாகச் சொன்னார்.

“அவர் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் யோசிச்சாராம், எங்க மாமனார்தான் முடிச்சுவெச்சார்” என்றார் அந்த அம்மாள்.

பையன் ஆதித்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் செவ்வாய்க்கிழமையைக் கேட்டார். சென்னைச் செவ்வாய்க்கிழமையில் அவனுடைய பள்ளித் தோழர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதே பஸ், அதே பெஞ்சு, அதே கேலி. கோயம்புத்தூர்ச் செவ்வாய்க்கிழமையில் அவன் ஒருவன்தான் இருந்தான். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே டவுன்ஷிப், ஒரே பள்ளி, ஒரே முகங்கள். வகுப்பில் அவனை இன்னும் எல்லோரும் ‘வாந்தி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம், யூ.கே.ஜி.யில் ஒருநாள் வாந்தி எடுத்ததற்காக. “எனக்கு அந்தப் பேர் தெரியாத ஊர்ல படிக்கணும் அங்கிள்” என்றான். விஞ்ஞானி லேப்டாப்பை மூடினார். அந்தக் காரணத்துக்கு அவருடைய அட்டவணையில் கட்டமே இல்லை. பையன் கோயம்புத்தூர் போனான், எங்களுக்கு ஒரு சீட்டு போனது.

மாமல்லபுரத்திலிருந்து வந்த யுவராஜ் வேறு ரகம். அப்பா கடற்கரைப் பக்கம் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறார். பையன் விடியற்காலையில் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய் அலை மேல் நிற்கிறவன், வெளியூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லியும் கொடுக்கிறவன். அப்பாவுக்கு அவனை பெங்களூரில் போட்டுவிட வேண்டும், கடல் இல்லாத ஊராக இருந்தால் ஒழுங்காகப் படிப்பான் என்று.

“இவன் கடல்லயே குடித்தனம் பண்ணிகினு கீறான் மேடம். பெங்களூர்ல இன்னா பண்ணுவான், பாத்ரூம் பக்கெட்லயா நிப்பான்?” என்றார் அப்பா.

“சார், காலேஜ் காலைல எத்தினி மணிக்கு?” என்று அவன் என்னைக் கேட்டான். அவனுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

எங்கள் காலேஜ் காலை எட்டரைக்கு. அதை மறைத்திருக்கலாம், சேர்ந்த பிறகு அவனாகத் தெரிந்துகொள்வான். மேடம் கொஞ்சமும் யோசிக்காமல், சென்னையில் மதிய ஷிப்ட் நடத்துகிற இன்னொரு காலேஜின் பெயரைச் சொல்லி, “அங்கே பி.பி.ஏ. மத்தியானம்தான் ஆரம்பிக்குது. காலையில கடல், மத்தியானம் காலேஜ். பஸ் இருக்கு” என்றார். அப்பாவுக்குப் பையன் கண் முன்னாலேயே இருப்பான், பையனுக்குக் கடல் இருக்கும். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து மறுநாள் போன் வந்தது. மேடத்தின் குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் மறுமுனையில் யாருக்கோ நல்ல டோஸ் என்று புரிந்துகொண்டோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வேலையில், என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஏகாம்பரத்தின் பெண்ணுடைய விஷயம்.

ஏகாம்பரத்துக்கு அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமம். முன்பு நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். இப்போது வேன்கள் வைத்திருக்கிறார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒப்பந்தம். நல்ல உயரம், உரத்த குரல், உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அவருடைய ஒரே மகள் சங்கீதா. அப்பாவின் வேன்களுக்கு எந்த டிரைவர் எந்த ஷிப்ட் என்று பிளஸ் டூ படிக்கும்போதே போனில் ஏற்பாடு செய்கிறவள். அதையே படிப்பாகப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சரக்குப் போக்குவரத்தோடு சேர்ந்த பி.பி.ஏ. பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, இரண்டாம் வருஷத்திலிருந்து பெரிய கிடங்குகளில் பயிற்சி. அங்கே சீட்டும் வாங்கிவிட்டாள். எங்களிடம் இருந்தது சாதாரண பி.பி.ஏ. ஆனால் தினமும் வீட்டிலிருந்து போய்வரலாம். அது அவளுடைய இரண்டாவது சீட்டு.

நான் பெங்களூர் பஸ் ஸ்டாப்பிலும் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வேலை அதிகம் என்று திட்டிக்கொண்டு வந்தார்கள். சங்கீதாவுக்கு ஏற்ற இடம் அதுதான் என்பது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். ஆனால் ஏகாம்பரம் எங்களிடம் பணம் கட்டத்தான் வந்திருந்தார்.

“பெங்களூரு கிங்களூருலாம் வாணாம் மேடம். காலைல நம்ம வண்டி செங்கல்பட்டு தாண்டித்தான் போவுது. ஸ்டேசன்ல எறக்கிவுட்டா ரயிலு. சாயங்காலம் வூட்ல இருப்பா.”

“பொண்ணு என்ன சொல்றா?” என்றார் மேடம்.

“அவ சொல்றது கெடக்கட்டும். இவளப் பாருங்க” என்று மனைவியைக் காட்டினார். தேவகி என்கிற அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி, முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “வழுக்கி வியுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சி ஆபரேசன் பண்ணது. இந்தப் பொண்ணுதான் குளிப்பாட்டி, நடக்கவுட்டு, எல்லாம் பாத்துச்சி. நான் வண்டி பின்னால ஓடிகினு கீறேன். பொண்ணு இல்லன்னா இவ ஒரு நாளு தாங்க மாட்டா.”

தேவகியம்மாள் வாயைத் திறக்கவில்லை. சங்கீதாவின் கழுத்து அம்மா பக்கமே திரும்பியிருந்தது.

மேடம் செவ்வாய்க்கிழமையைக் கேட்டார். சென்னைச் செவ்வாய்க்கிழமையை அவள் கடகடவென்று சொல்லிவிட்டாள். நாலரைக்கு எழுந்து, சமைத்து, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துவைத்து, வண்டி, ரயில், காலேஜ், ரயில், வீடு, துணி, தூக்கம். பாடம் என்று ஒன்று அதில் வரவே இல்லை. பெங்களூர்ச் செவ்வாய்க்கிழமைக்கு வந்தபோது அவள் முகம் மலர்ந்தது. “காலைல எழுந்து...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “எழுந்து மொதல்ல அம்மாவுக்கு போன் பண்ணுவேன். எடுக்கலன்னா...” என்றாள்.

டீ வந்தது. நாங்கள் பால்கனிக்குப் போனோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேடம் கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய் அந்த ஆளிடம் நாலு வார்த்தை சொல்லலாமே என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. “அந்தப் பொண்ணுக்கு நம்ம சொல்லி ஒரு நியாயம் கிடைச்சா அது நாளைக்கே கரைஞ்சிடும் சார்” என்றார் மேடம். டம்ளர்கள் காலியானபோது உள்ளே யாரும் யாரிடமும் பேசியிருக்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள்.

இரண்டு இடத்திலும் பணம் கட்டக் கெடு நெருங்கியபோது ஏகாம்பரம் எனக்கு போன் செய்தார். வீட்டில் தினமும் ரகளையாம். பெண் சாப்பிடுவதில்லையாம்.

“சார், எங்க ஊரு ஆத்தா கோயில்ல வெள்ளிக்கெயம பூ கட்டிப் பாக்கறோம். ஆத்தா இன்னா சொல்றாளோ அதான். நீங்க வந்துடுங்க, பொதுவுல ஒரு ஆளு வோணும்.”

பொது ஆளாம்! போட்டியில் இருக்கிற இரண்டு கடைகளில் ஒரு கடையில் சம்பளம் வாங்குகிறவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார். மேடத்திடம் போய்ச் சொன்னேன். “போயிட்டு வாங்க. வாயை மட்டும் திறக்காதீங்க” என்றார்.

கோயில் ஏரிக்கரையில். சின்னக் கோயில், பெரிய வேப்பமரம். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டு வேனைத் துடைத்து நிறுத்தியிருந்தார். தேவகியம்மாள் லேசாக விந்தி விந்தி வந்தார். சங்கீதா அவர் கையைப் பிடித்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பூசாரி வெள்ளை அரளி ஒன்றை ஒரு வாழையிலைத் துண்டிலும், செவ்வரளி ஒன்றை இன்னொன்றிலும் வைத்து, வெளியே தெரியாதபடி மடித்து நாரால் கட்டினார். இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார்.

“வெள்ள வந்தா ஆத்தாளுக்குச் சம்மதம். செவப்பு வந்தா வாணாம்னு அர்த்தம். அல்லாரும் மனசுக்குள்ள கேட்டுக்கங்க, வாயால சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் எதையும் கேட்கவில்லை. மேடம் போட்ட தடை வாய்க்கு மட்டும்தானா, மனசுக்கும் சேர்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

பொட்டலத்தைச் சின்னக் குழந்தை யாராவது எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்துவிட்ட நாள், ஊரில் ஒரு குழந்தை அகப்படவில்லை. பூசாரி என்னைப் பார்த்தார். “நீங்க எடுங்க சார், நீங்கதான் வெளியாளு” என்றார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஏகாம்பரம் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்தேன். ஒரு பெண்ணின் மூன்று வருஷம் அந்த இலைத்துண்டுக்குள் இருக்கிறது, அதை எடுக்க என்னைவிட லாயக்கில்லாத ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி நாரைப் பிரித்தார். வெள்ளை அரளி.

“முடிஞ்சிச்சிடா சாமி!” என்று ஏகாம்பரம் கையைத் தூக்கிக் கும்பிட்டார். “சார், இன்னிக்கே வந்து பணத்தக் கட்டிடறேன்.”

“இன்னாத்துக்கு இவருகிட்ட கட்டணும்?” என்றார் தேவகியம்மாள்.

அந்த அம்மாளின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல கணீர் என்ற குரல்.

“இன்னாடி கேக்கற? மெட்ராசுலயே சேக்கலாமான்னு கேட்டேன், ஆத்தா சரின்னுட்டா.”

“நான் பெங்களூருக்கு அனுப்பலாமான்னு கேட்டேன். எனக்குந்தான் சரின்னா.”

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பூசாரி தட்டில் விபூதியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். அவர் என்ன செய்வார் பாவம். எல்லோரும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார், என்ன கேட்பது என்று பேசிவைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டியது இவர்கள்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம், கேள்வியும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று அவரவர் நினைத்துவிட்டார்கள்.

“ஒரு பூவுக்கு ரெண்டு கேள்வியா? இது இன்னா பேஜாரு!” என்று ஏகாம்பரம் மகளிடம் திரும்பினார். “நீ இன்னாம்மா கேட்ட? நீ கேட்டதுதான் கணக்கு. உண்மையச் சொல்லு.”

பெங்களூர் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் முகத்தை வைத்திருந்தார்.

“நான் காலேஜப் பத்தியே கேக்கல நைனா” என்றாள் சங்கீதா. “நான் போய்ட்டா அம்மா தாங்குமான்னு கேட்டேன்.”

தேவகியம்மாள் மகளின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

“நான் தாங்க மாட்டேன்னு உன்கிட்ட எப்பனா சொன்னனா? எந்திரிச்சி நடக்கறேன், சமைக்கறேன், ஏரிக்கு வந்துகினு போய்கினு கீறேன். எவ சொன்னா உனுக்கு, நான் தாங்க மாட்டேன்னு?”

மூன்று பேரும் ஏகாம்பரத்தைப் பார்த்தோம். பூசாரியும் ஓரக்கண்ணால் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் வேப்பமரத்தடியில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றார். உரத்த குரல் எங்கேயோ போய்விட்டது. “நான்தான் தாங்க மாட்டேன். எத்தினி மணிக்கு வண்டி வுட்டுட்டு வந்தாலும் இந்தப் பொண்ணு முழிச்சிகினு இருந்து, நைனா சாப்ட்டியான்னு கேக்கும். அத எப்டி வாயால சொல்றது? அதான் இவ மேல போட்டுச் சொன்னேன்.”

தேவகியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்கிட்டனா சொல்லியிருக்கலாமில்ல” என்றார்.

சங்கீதா அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நைனா, இன்னொரு தபா பூ கட்டச் சொல்லட்டுமா? நீ தாங்குவியான்னு ஆத்தாளையே கேட்டுடலாம்” என்றாள்.

ஏகாம்பரம் பூசாரி பக்கமே திரும்பவில்லை. வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“வாணாம்மா. செவப்பு வந்துட்சின்னா, ஆத்தா சொல்ட்டாளேன்னு நீ நின்னுடுவ. ஏறு, போய்ப் பெட்டி வாங்கலாம்.”